பதினான்கு நாள் சீல்

டீ வேண்டாம் ஐயா, வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காய்ச்சல் பரவிய வருடம், நகராட்சிக்கு அந்த விதியை எழுதிக் கொடுத்தவனே சுகாதார ஆய்வாளரான நான்தான். பரிசோதனை முடிவு வர நாலு நாள் ஆகும். அதற்குள் தெருவே படுத்துவிடும். அதனால் சுகாதார ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், வீட்டைப் பதினான்கு நாள் சீல் வைக்கலாம் என்று எழுதினேன். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

காய்ச்சல் போய்விட்டது. விதி அப்படியே இருந்தது.

போன மாதம் நகராட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒரே ஒரு ஓட்டுதான் இழுபறி. அது கவுன்சிலராக இருக்கும் என் தங்கை புருஷனுடையது.

“உங்க மாப்பிள்ளைக்கு இருமலாமே?” என்றார்.

இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் வந்தது. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டேன் என்கிறார்கள். சுத்தப் பொய். தலைவர் இறங்கியதும் முதல் வேலையாக என் விதியை ரத்து செய்வேன் என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். வயிறு எரியாதா?

சீல் வைத்த எட்டாம் நாள், ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கையில், தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, வயித்து வலி உயிர் போகுதுண்ணா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“இன்னும் ரெண்டே நாள், பொறுத்துக்கோம்மா.”

ஆம்புலன்ஸ் வந்தது. என் கையெழுத்து இல்லாமல் வாசலில் இருந்த போலீஸ் விடவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம்தானே எடுப்பார்கள்? காய்ச்சல் இல்லை என்று வந்தால் என் சந்தேகம் என்னாவது?

மாப்பிள்ளை அழுதார். “மச்சான், நான் ஓட்டுப் போட வரலை. எழுதியே குடுத்துடறேன். இவளை மட்டும் விடுங்க.”

எழுதி வாங்கினால் அதுவே சாட்சியாகிவிடும். வேண்டாம் என்றேன்.

ஒன்பதாம் நாள் குடல்வால் வெடித்து அவள் செத்துப்போனாள். மறுநாள் தலைவர் ஒரு ஓட்டில் தப்பித்தார். இறப்புச் சான்றிதழில் காய்ச்சல் என்று எழுதியதும் நான்தான். அத்தனையும் தெரிந்தேதான் செய்தேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்தத் தெருவில் இன்றுவரை வேறு ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.