தூக்குச்சட்டிக்குள் வைத்த கைப்பிரதி

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேலே போறேன். கதைன்னா நடந்த கதை. கேளுங்க.

எங்க சபையில ஜெபக்கனி டீச்சர்னு ஒருத்தி. ரிட்டயராகி வீட்ல இருந்தவ. சுவிசேஷ வாரம் வந்துட்டா அவளுக்குக் கால் தரையில நிக்காது. பிரசங்கம் பண்ண நாப்பது ஊரு... வீடு வீடாக் கொடுக்கக் கட்டுக் கட்டாக் கைப்பிரதி நோட்டீஸ்... வேன்ல முன் சீட்டு அவளுக்குத்தான்.

அவ வீட்டுச் சுவரை ஒட்டி அடுத்த வீடு உலகம்மாளுக்கு. உப்பளத்து வேலைக்காரி. புருஷன் சுடலைமுத்துவும் அங்க மூட்டை தூக்கினவருதான். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து, கட்டில்ல கிடந்தார். விடியக்காலம் அவ வேலைக்குப் போனா சாயந்தரம்தான் வருவா. அதுவரைக்கும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்ல. முதுகுல புண்ணு வந்துட்டு. டாக்டர் சொல்லிட்டார்... மத்தியானம் ஒரு தடவையாவது புரட்டி விடலைன்னா புண்ணு எலும்பைத் தொட்டுரும், ஆள் தேற மாட்டார்னு. வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது. அவ என்ன செய்வா?

கார்த்திகை அன்னைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிச்சு, ஒரு தூக்குச்சட்டி நிறைய எடுத்துட்டு டீச்சர் வீட்டுக்குப் போனா. கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டா. "யக்கா, மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பாத்து அவுகளப் புரட்டி விட முடியுமா? கால் மணி நேரம் போதும்."

டீச்சர் என்ன சொன்னா தெரியுமா? இது சுவிசேஷ வாரமாம். மூச்சு விட நேரமில்லையாம். "ஜெபத்துல வச்சுக்கிடுதேன் உலகம்மா."

கொழுக்கட்டை கோழிக்குப் போச்சு. சாமிக்குப் படைச்சதா இருக்குமோன்னு சந்தேகமாம். சரி, அது அவ மனசாட்சி, விடுங்க. ஆனா நம்ம பக்கத்துல பாத்திரத்தை வெறுமையா திருப்பிக் கொடுக்க மாட்டோமே... ஒரு துண்டு கருப்பட்டியாவது, ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தானே கொடுப்போம்? டீச்சரும் வெறுமையா கொடுக்கல. உள்ளே ஒரு கைப்பிரதியை வச்சுக் கொடுத்தா.

உலகம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. டீச்சர் கொடுத்தது, ஏதோ வைத்தியக் குறிப்புன்னு நினைச்சிருக்கா பாவி மக. எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து, கட்டில் பக்கத்துல நிறுத்தி, சத்தமா வாசிக்கச் சொல்லியிருக்கா. தலைப்பு என்ன தெரியுமா? "இன்று நீ மரித்தால் எங்கே போவாய்?"

அந்த மனுஷன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாராம். அது ஒண்ணுதான் அவரால திருப்ப முடியும்.

ஏன் சிரிக்கிறீங்க? அந்த வாரம் பூரா வேன்ல பின் சீட்டுல நானும் இருந்தேன். உலகம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் பாட்டுப் பாடிக்கிட்டுப் போனோம்.

எங்க சபையில அருள்பூன்னு இன்னொருத்தி. இடியாப்பம் அவிச்சு விக்கிறவ. சபைப் பெண்கள் சங்கத்துல ஒரு தடவை ஜெபம் பண்ணச் சொன்னப்போ பாதியில வார்த்தை வராம நின்னுட்டா. டீச்சர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அருள்பூ மன்னிச்சுட்டா. நான் மறக்கல. அந்த அருள்பூதான் இடியாப்பம் கொடுக்கப் போன தெருவுல இந்தச் சங்கதியைக் கேள்விப்பட்டா. மறுநாள் மத்தியானம் போனா. புரட்டி விட்டா, புண்ணைத் துடைச்சா, கஞ்சி ஊட்டினா. அடுத்த நாளும் போனா. ஏழு மாசம் போனா. யாரும் அனுப்பல... யாரும் கை தட்டல.

புண்ணு ஆறிப்போச்சு. ஒருநாள் அவரே குழறிக் குழறிக் கேட்டார். "நீ எனக்கு என்ன ஒறவு தாயி? எதுக்கு வாற?"

அருள்பூ கஞ்சித் தட்டைக் கீழே வச்சா. "எனக்குப் பேசத் தெரியாதுண்ணே. எம் புருஷன் என்னைய விட்டுட்டுப் போனப்போ மூணு மாசம் பாயிலயே கெடந்தேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இயேசுதான் கூட இருந்தாரு. ஒத்தையில கெடக்கது எப்படின்னு எனக்குத் தெரியும்... அதான்."

அவர் முகத்தை அவ பக்கம் திருப்பினார். அப்புறம் கேட்டார். "அவரு... இங்கல்லாம் வருவாரா?"

"நான் தனியாவா வந்துட்டு இருக்கேன்னு நெனைச்சீங்க?"

அவரப் பத்திச் சொல்லு தாயின்னுட்டார். உலகம்மாளும் வேலை முடிஞ்சு வந்து கட்டில் காலோரம் உக்காந்துட்டா. சங்கத்துல வார்த்தை வராம நின்னவ, அன்னைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினா.

அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் சபைக்கு வந்தாங்க. அவரைச் சேரோட நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. டீச்சர் சங்கத்து வருஷ அறிக்கையில என்ன எழுதினா தெரியுமா? "சுவிசேஷ வாரத்தின் பலனாக ஒரு குடும்பம்." நான் எழுந்து நின்னேன். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடிக்கிற வரைக்கும் உக்காரல.

இப்ப உங்களைக் கேக்குறேன். உங்க வீட்டுக்கு இடது பக்கம் யாரு? வலது பக்கம் யாரு? அவ மாமியாளுக்கு என்ன நோவு... அவ ஏன் மூணு நாளா முகம் வாடிப் போயிருக்கா... சொல்லுங்க பாப்போம். என்ன, தலையைக் குனியுறீங்க? சீனி கேட்டு வாசல்ல வந்து நிக்கறவகிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்ல, முன்பின் தெரியாத ஊர்ல மைக்கு பிடிக்க மட்டும் தொண்டை திறக்குதோ?

இயேசுவைப் பத்திச் சொல்ல வேண்டாம்னா சொல்றேன்? சொல்லணும். அவங்களாவே வாய் திறந்து கேக்குற அளவுக்குப் பக்கத்துல இருந்து சொல்லணும். கேட்டா, உனக்கு நடந்ததை ஒளிக்காமச் சொல்லு. அருள்பூ செஞ்சது அவ்வளவுதான்.

நாளைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுக்குப் போங்க. கையில ஒண்ணும் கொண்டு போகாதீங்க... அங்க வேலை இருக்கும், ரெண்டு கையும் வேணும்.