தெரியாமப் பண்ணிட்டேன்

உங்கள் விசாரணை மேசையின் கால் ஒன்று குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. பரவாயில்லை, நான் நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் என் கால் ஓரிடத்தில் நிற்காது.

விடுதலைக்கு விண்ணப்பித்த கைதிகளிடம் பேசி, வெளியே போனால் மறுபடியும் தப்பு செய்வார்களா என்று மதிப்பெண் போடுவது என் வேலை. இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை. மொத்தம் இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். படிவத்தை எழுதியவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. அலுவலகத்திலும் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வெல்டர், தன் தங்கையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த அவள் கணவனை இரும்புக் கம்பியால் ஒரே அடி அடித்தவர். ஆள் பிழைக்கவில்லை. முதல் முறை என் எதிரே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். என் கெட்ட நேரம்."

எங்கள் வீடுகளில் ஒருவர் அப்படிச் சொன்னால் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். 'அறியாமல் செய்ததாகக் கூறுகிறார். பழியை நேரத்தின் மீது போடுகிறார். கண்ணைப் பார்ப்பதில்லை.' இவற்றுக்கான மூன்று கேள்விகளுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் இருபத்தாறு. எந்த அகராதியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், ஒரு சொல்லும் தப்பில்லை.

ஏன் என்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்கள் மொழிக்காரத் தையல்காரர் ஒருவருக்கு ஒன்பதுதான் போட்டேன். தேநீர் அறையில் ஒரு சக ஊழியர் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுன்னா கை தாராளமா போகுது போல" என்றார். தையல்காரர் வெளியே போய் இன்றுவரை ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் அன்றிலிருந்து நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வெல்டர் மறுபடி வந்தார். கண்ணைப் பார்த்துப் பேசு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பார்த்தார், கண் கலங்கியது. 'ஒத்திகை பார்த்த நடிப்பு' என்று எழுதினேன். இருபத்தெட்டு.

வாசலில் அவர் தங்கை காத்திருந்தாள். "நீங்க நம்ம ஆளு. அண்ணன் சொல்றது உங்களுக்காவது புரியும்ல அக்கா?"

"புரியுதும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை.

வெல்டர் மூன்றாவது முறையும் வந்தார். தன் கைகளைப் பார்த்தபடி, "எப்படிச் சொன்னா சரியா இருக்கும் மேடம்? நீங்களே சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் அறைக்குள் இரண்டு நடை நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பிறகு உட்கார்ந்து, 'அதிகாரியையே வளைக்கப் பார்க்கிறார்' என்று எழுதினேன். முப்பத்தொன்று.

பத்தாம் நாள் காலை சிறையில் அவர் அறைக் கதவைத் திறந்த காவலர் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அவரைப் போல நான் உள்ளேயே நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஒன்பது வருஷத்தில் நாற்பத்திரண்டு. ஒருவர் சொன்னதுகூட எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் மொழிக்காரர்களின் கோப்பு எல்லாம் என்னிடமே வரவேண்டும் என்று கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். மொழி தெரியாதவர்கள் கையில் சிக்கினால் பாவம், அவர்களுக்கு நியாயம் கிடைக்காது.