டுவைட்டின் காருக்கு ஏற்ற எஞ்சின்

காவல்துறை அதிகாரி திருமதி ஓர்ட்டேகா அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை என் சமையலறை மேசையில் உங்கள் பேனாவை மறந்துவிட்டுப் போனீர்கள். நன்றாக எழுதுகிறது. அதைக் கொண்டே இதை எழுதுகிறேன். முடிந்ததும் பேனாவையும் உறைக்குள் சேர்த்து வைத்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். கிளின்ட் யோடரின் காருக்கு எந்த எஞ்சினைப் பொருத்துவது என்று யோசனை சொன்னது யார்? நான்தான். அன்றே சொல்லியிருப்பேன். அதற்குள் நீங்கள் குறிப்பேட்டை மூடிவிட்டீர்கள். எதையும் பாதி மட்டும் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

முதலில் ஒரு திருத்தம். அது கிளின்டின் கார் இல்லை, என் தம்பி டுவைட்டின் கார். அறுபத்தெட்டாம் வருடத்து இரண்டு கதவு வண்டி, அடர்பச்சை. தொழிற்சாலையில் ஏற்றிய அதே எட்டு சிலிண்டர் எஞ்சின். அதில் அடித்திருக்கும் எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போகும். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால் யோசிப்பார்கள். இந்த எண்ணைக் கேட்டால் யோசிக்க மாட்டார்கள். டுவைட் மாரடைப்பில் போன பிறகு வண்டி அவன் மனைவி லோரீனிடம் இருந்தது. பதினான்கு மாதம் கழித்து கிளின்டும் அவளோடு அந்த வீட்டில் இருந்தான்.

நான் எளிதில் சந்தேகப்படுகிறவன் இல்லை. பார்த்ததைக் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். முதல் தடவை சாப்பிட வந்திருக்கிறான் என்று லோரீன் சொன்ன நாளில், சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்காமலே எடுத்தான். நாய் அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை. டுவைட்டை அடக்கம் செய்த அன்று என்னைவிட அதிக நேரம் அழுதவன் அவன். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுமில்லை. சேர்த்துப் பாருங்கள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என் பட்டறைக்கு வந்தான்.

"வெர்ன், உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். அந்தப் பழைய எஞ்சினைக் கழட்டிட்டு வேற போடலாம்னு இருக்கேன்."

"ஏன், அதுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. நான் மிதிக்கிற மிதிக்கு அது தாங்காது. டுவைட்டோட எஞ்சினை ஒடைச்சவன்னு நாளைக்கு எம்பேரு வரக் கூடாது பாருங்க."

சாக்கு என்று அப்போதே தெரிந்தது. அசல் எஞ்சினைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வேறொன்றைப் போட்டு ஓட்டுகிற வழக்கம் எங்களிடம் உண்டுதான். ஆனால் பத்திரப்படுத்துகிறவனின் முகம் வேறு மாதிரி இருக்கும். இவன் சிரித்துக்கொண்டிருந்தான். யாருக்கோ விற்றுத் தள்ளிவிடப் போகிறான் என்று முடிவுசெய்தேன்.

அவன் மனதில் இருந்தது, இடிபட்ட ஒரு பிக்கப் லாரியிலிருந்து எடுத்த புது மாதிரி அலுமினிய எஞ்சின்.

"சாவியைத் திருப்பினா எடுக்குது, வெர்ன். லேசாவும் இருக்கு. கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பாத்துக்குது."

"கார் கண்காட்சித் திடல்ல பானெட்டைத் தூக்கினா, யாருடா இவன் வாஷிங் மெஷினைக் கொண்டாந்து வச்சிருக்கான்னு கேப்பாங்க," என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. நாங்கள் அவனை டுவைட்டுக்குச் சமமாக நினைக்க வேண்டும் என்று ஏங்கினான்; அதுதான் அவனுடைய பலவீனம். அதனால் என் கொட்டகை மூலையில் கிடந்த பெரிய வார்ப்பிரும்பு எஞ்சினைக் காட்டினேன். நானூற்றைம்பத்து நான்கு கன அங்குலம். டுவைட்டுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு முறுக்குவிசை. கிளின்ட் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"இதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கே."

"பயந்தவன் அலுமினியம் போட்டுக்கலாம்," என்றேன்.

எஞ்சினை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துவைப்பவை இரு பக்கமும் உள்ள மவுண்டிங் ரப்பர்கள். இப்போது வருகிறவற்றில், ரப்பர் கிழிந்தாலும் எஞ்சினை விடாத கொக்கி உண்டு. பழையதில் இல்லை. என் பட்டறையில் இருந்த டுவைட்டின் அலமாரியில் ஐம்பது வருடப் பழைய ஜோடி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. இடப்பக்கத்து ரப்பரில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். பதியவில்லை; இறுகிப்போயிருந்தது. ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். அதைத் துடைத்து அவனிடம் கொடுத்தேன்.

"டுவைட் வச்சிருந்ததா? எனக்கா குடுக்கறீங்க?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நீங்க என்னை ஏத்துக்க மாட்டீங்கன்னே நெனச்சேன், வெர்ன்."

நான் எதையும் அறுக்கவில்லை, எதையும் தளர்த்தவில்லை. தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தொரு வருடம் வண்டிகளின் அடியில் படுத்தவன் என்பதால் இது எனக்குத் தெரியும்: இடப்பக்க ரப்பர் கிழிந்தால் எஞ்சின் அந்தப் பக்கம் எம்பும். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இருந்தால் அது வளைந்துகொடுக்கும். பழைய மாதிரி இரும்புக் கம்பி இருந்தால், எஞ்சின் எம்பும்போது கம்பியே பெட்ரோல் பாயும் வழியை இழுத்துத் திறந்துவிடும். காலை எடுத்தாலும் வேகம் ஏறும். கம்பிதான் வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அதுவும் அசல் பாகம்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, சர்ச் முடிந்து எல்லோரும் என் வீட்டுக்கு வந்தோம். எஞ்சினைப் பொருத்திய பிறகு முதல் தடவை முழுசாக மிதித்துப் பார்க்க, கிளின்டைத் தானியக் கிடங்குச் சாலைக்குப் போகச் சொன்னேன். இரண்டு மைல் நேராகப் போய், கிடங்கின் கான்கிரீட் சுவருக்கு முன்னால் இரண்டாகப் பிரியும் சாலை அது. லோரீன் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எறங்கு, லோரீன். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு உப்பு சரியான்னு பாத்துச் சொல்லு."

"முப்பது வருஷமா உங்க சாலட்ல உப்பே இருந்ததில்ல. இன்னிக்கு மட்டும் என்ன பாக்கறது?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அவளை ஏன் இறக்கினேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பீர்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

சத்தம் வீடுவரை நன்றாகக் கேட்டது. உச்சத்துக்கு ஏறியது, இறங்கவில்லை. பதினொன்றுவரை எண்ணினேன்; அதோடு அறுந்தது. லோரீன் கரண்டியை வைத்துவிட்டு உப்பு போதாது என்றாள்.

ஆகவே கிளின்ட் யோடரைக் கொன்றது நான். இந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. கிளின்டின் அடக்கம் முடிந்த மறுநாள், டுவைட்டின் எஞ்சினை அவன் யாரிடம் கொடுத்தான் என்று தெரிந்துகொள்ள லோரீனின் கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் அங்கேயே இருந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, தாங்கியில் ஏற்றி, கம்பளி சுற்றியிருந்தது. ஒரு அட்டை தொங்கியது. "டுவைட்டின் எஞ்சின். யாரும் தொடக் கூடாது. வெர்ன் என்றைக்குக் கேட்டாலும் காரோடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும்." கீழே கிளின்டின் பெயர், ஏப்ரல் ஒன்பதாம் தேதி.

கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்பிய வாழ்த்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவன் கையெழுத்துதான். இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். மையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கெட்டவனாகக் காட்டுவதற்கென்றே எழுதித் தொங்கவிட்டிருப்பானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படிக்கு,
வெர்னன் ஹாஸ்