உடுக்கைக்குத் துள்ளியவள்

சிரிப்பு வருகிறவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம், இருட்டில் தனியாகப் போகத் தைரியமிருந்தால். மற்றவர்கள் கிட்டே வாருங்கள். நம் பாண்டியராஜின் தாய்மாமன் உடையப்பனுக்கு நடந்தது இது.

இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதம். ராத்திரி பதினோரு மணி இருக்கும். நத்தத்திலிருந்து திண்டுக்கல் வருகிற ரோடு... இரண்டு பக்கமும் புளியமரம். ஈ, காக்கை இல்லை. மனுஷன் மொபெட்டில் தனியாக வருகிறார். ஒரு வளைவில் ஹாரன் அடித்தார். பின்சீட்டு திடுக்கென்று துள்ளியது. கல்லில் ஏறியிருக்கும் என்று நினைத்தார். மறுபடியும் அடித்தார்... மறுபடியும் துள்ளியது. கசங்கிய வேப்பிலை வாடை வேறு.

அந்தத் துள்ளல் அவருக்குத் தெரியும்.

முந்தின வருஷம்தான் அவர் பெண்டாட்டி நாகஜோதிக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. ஆள் அடையாளம் போயிற்று, புருஷன் முகம்கூடத் தெரியவில்லை. தட்டு விழுந்தால்கூட உடம்பு தூக்கிப் போடும். பேய்தான் என்றது ஊர். பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உடுக்கையை அடிக்க அடிக்க அவள் துள்ளினாள்... பேய் ஆடுகிறது பார் என்று வேப்பங்குழையால் விளாசினான். கை சளைத்ததும் குழையை உடையப்பனிடம் நீட்டினான். பாவி மனுஷன், வாங்கி அடித்தார்.

மதுரை டாக்டர் அப்புறம்தான் சொன்னார். மூளையில் ஒரு புரதம் கோணிக்கொள்ளுமாம். பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்குமாம். கடைசியில் மூளை முழுக்கப் பஞ்சு மாதிரி ஓட்டை. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய், மருந்தே கிடையாது. சத்தம் கேட்டால் துள்ளுவதும் அந்த நோய்தான், பேயுமில்லை பிசாசுமில்லை என்றார். சில மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க உடையப்பனுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. முன்னால் பார்த்தபடியே அழுதார்.

"ஜோதி... உன்னைய அடிச்சது தப்புத்தான் தாயி. தெரியாமச் செஞ்சுட்டேன். மன்னிச்சுரு."

பிறகு காதோரமாக... குழறல் கொஞ்சமும் இல்லாத அவளுடைய பழைய குரல்.

"அடிக்காதீக அண்ணே. எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு. அவரு என்னைய அடிக்க விடமாட்டாரு."