யார் பிள்ளையின் தாளோ?

இந்த மாலைக்கு மகுடமாய், மன்றத்துக்கு மதிப்பாய்த் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் நடராஜா ஐயா அவர்களே! கெடா மண்ணின் தமிழ்ப்பள்ளிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும் தலைமையாசிரியர்களே! கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, அரைத் தூக்கத்தோடு பிள்ளைக்காக ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசியை மடியில் மறைத்துக்கொண்டிருக்கும் இளம் ஆசிரிய நண்பர்களே (சிரிக்காதீர்கள், மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்), உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்!

என் பெயர் காளிதாசன். சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். எனக்கு இன்று கொடுத்திருக்கும் தலைப்பு 'வினாப் பகுப்பாய்வு'. தலைப்பை அறிவித்ததுமே இரண்டு பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். போகட்டும். வடை தீர்ந்ததும் வந்துவிடுவார்கள்.

அன்பர்களே! பிள்ளை தேர்வு எழுதுகிறது. நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை மார்க்கு? யார் முதல்? யார் கடைசி? பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறோம், சரி. நிறுக்கிற தராசை என்றைக்காவது சோதித்தோமா? தாள் தயாரிப்பவர் நாம், திருத்துபவர் நாம், தீர்ப்பு எழுதுபவரும் நாமே! அந்தத் தாளிலே கோளாறு இருந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பத்து வயதுப் பிள்ளையா வந்து கேட்கும்?

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டு அறிவியல் தேர்வு. கடையில் விற்கும் பயிற்சி நூல்களிலிருந்து வெட்டி ஒட்டிய தாள். யார் வெட்டியது என்று கேட்காதீர்கள், கத்தரிக்கோல் பேசாது. முடிவு வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோல்வி!

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் கூடியது. முதலில் எழுந்தவர் மோரிஸ். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர், உயர்ந்த உருவம், உரத்த குரல். அவருடைய மகள் பேட்ரிசியா அதே வகுப்பில் படிப்பவள்.

"டீச்சர், நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன் லா. எம் பொண்ணு தினம் உக்காந்து படிக்குது. அப்புறம் எப்படி பெயிலு? அடுத்த வருஷம் டவுன் ஸ்கூல்ல போட்டுருவேன். என்னோட சேத்து இங்க ஏழு வீட்டுலயும் அதே முடிவுதான்!"

எங்கள் பள்ளி சின்னப் பள்ளி. ஏழு வீடு வெளியேறினால், ஐந்தாம் ஆண்டையும் ஆறாம் ஆண்டையும் ஒரே அறையில் அடைத்து ஒரே ஆசிரியரிடம் ஒப்படைக்கும் நிலை வரும். அதைப் பார்த்து இன்னும் நாலு வீடு நகரும். பிறகு வாயிற்கதவுக்குப் பூட்டு வாங்கப் போக வேண்டியதுதான். நான் மிகைப்படுத்தவில்லை.

அறிவியல் ஆசிரியை இவாஞ்சலின் எழுந்தார். அதிர்ந்து பேசாதவர். வாதாடவில்லை, மன்றாடவில்லை. திருத்திய தாள்களைக் கொண்டுவந்தார். பெயர்களின் மேல் காகிதம் ஒட்டியிருந்தது.

"அண்ணே, போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி. கை தூக்கணும், அவ்ளோதான்."

அதிக மதிப்பெண் பெற்ற பத்துத் தாள்களைச் சன்னல் பக்கம் நின்ற பெற்றோரிடம் கொடுத்தார். குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துத் தாள்களைக் கதவுப் பக்கம் கொடுத்தார். மோரிஸ் கதவுப் பக்கம். எல்லாம் வட்டமிட்ட விடைகள், ஆகவே கையெழுத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கையில் இருப்பது நம்ம பிள்ளையின் தாளாக இருக்குமோ என்று ஒவ்வொருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்!

"முதல் கேள்வி. உங்க கையில உள்ள தாள்ல சரியா இருந்தா கை தூக்குங்க."

சன்னல் பக்கம் ஒன்பது கை, கதவுப் பக்கம் மூன்று கை. "இது நல்ல கேள்வி," என்றார் இவாஞ்சலின். "தெரிஞ்ச பிள்ளையையும் இன்னும் தெரிஞ்சுக்க வேண்டிய பிள்ளையையும் பிரிச்சுக் காட்டுது." அடுத்த கேள்விக்கு இரு பக்கமும் எல்லாக் கைகளும் எழுந்தன. "இது ரொம்ப லேசு. தைரியம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு இருக்கலாம். பூரா இப்படியே இருந்தா தாள் நமக்கு எதையும் சொல்லாது."

அன்பர்களே, வினாப் பகுப்பாய்வு என்றால் இவ்வளவுதான்! எத்தனை பேருக்குச் சரி, எந்தப் பக்கத்துக்குச் சரி, தவறு செய்தவர்கள் எந்த விடையில் விழுந்தார்கள். பயப்படும்படி இதில் ஒன்றுமில்லை.

ஏழாம் கேள்வி வந்தது. 'மின்சுற்றில் எதை வைத்தால் விளக்கு எரியும்?' அழிப்பான், மர அளவுகோல், இரும்பு ஆணி, பென்சிலின் கரிமுனை. விடைக்குறிப்பு சொன்ன சரியான விடை, இரும்பு ஆணி. கைகள் எழுந்தன. கதவுப் பக்கம் எட்டு! சன்னல் பக்கம் இரண்டே இரண்டு! அங்கே மற்ற எட்டுத் தாளிலும் கரிமுனையில்தான் வட்டம்.

கூடம் அசந்துபோனது. சன்னல் பக்கம் நின்ற புஷ்பவள்ளி அக்கா கேட்டார்: "டீச்சர், ரெண்டு கட்டையும் மாத்திக் குடுத்துட்டீங்களா?"

வகுப்பில் முதலாவதாக வரும் உமாராணியைத் திடலிலிருந்து கூப்பிட்டோம். மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஏன் கரிமுனை என்று கேட்டோம்.

"டீச்சர், அன்னிக்கு நம்ப ஸ்டோர்ல இருந்து ஆணி எடுத்து செஞ்சோம்ல? பூரா துரு. பல்பு எரியவே இல்ல. பென்சில் முனைய வெச்சதும் எரிஞ்சிச்சு. அதான் அதைப் போட்டேன்."

கேட்டீர்களா தாய்மார்களே! கண்ணால் கண்டதை எழுதிய பிள்ளைக்குச் சுழியம்! அந்தச் சோதனை நாளில் பள்ளிக்கே வராத பிள்ளைக்கு மதிப்பெண்! இரண்டு விடைகள் சரியாக இருந்த கேள்வி, உண்மையைக் கற்ற பிள்ளையைத் தண்டித்துவிட்டது. பொறுப்பாகப் படித்ததற்கா இந்தப் பரிசு? எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொல்லும்போதும் வருகிறது!

மோரிஸ் துள்ளினார். "அப்ப கேள்விதான் தப்பு! எல்லாருக்கும் மார்க்கு போடுங்க டீச்சர், கதை முடிஞ்சிச்சு லா!" கூடமே கைதட்டியது. எனக்கும் நிம்மதி. இத்தோடு நிறுத்திக்கொண்டால் பள்ளி தப்பியது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

இவாஞ்சலின் நிறுத்தவில்லை. பதினோராம் கேள்வியைப் படித்தார். ஒரு வரைபடம், செடி எந்த வாரத்தில் வேகமாக வளர்ந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சன்னல் பக்கம் ஒரு கை. கதவுப் பக்கம் ஒன்றுமேயில்லை.

"இதுவும் தப்பான கேள்விதானே?" என்றார் மோரிஸ், சிரித்துக்கொண்டே.

"இல்லண்ணே. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன், இதுல ஒரு குறையும் இல்ல. இது நான் சரியா சொல்லிக் குடுக்காதது. வரைபடத்தை அவசரமா முடிச்சிட்டேன். புள்ளைங்க மேல தப்பு இல்ல, பேப்பர் மேலயும் தப்பு இல்ல. எனக்கு ஒரு மாசம் குடுங்க."

மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் மோரிஸைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாப் பழியையும் பேப்பர் மேல போட்டிருந்தீங்கன்னா, சாக்கு சொல்றீங்கன்னு இன்னிக்கே கெளம்பியிருப்பேன் டீச்சர். சரி, ஒரு மாசம். அப்புறம் நான் மறுபடி வந்து பாப்பேன்."

வந்தது பாருங்கள் ஒரு வேகம் அந்த வகுப்புக்கு! கொடிக்கம்பத்தின் நிழலை மணிக்கு மணி அளந்தார்கள், வரைந்தார்கள். மழையை அளந்தார்கள், வரைந்தார்கள். ஒரு பையன் தஞ்சோங் டாவாயில் மாமா வீட்டுக்குப் போய்க் கடல் ஏறி இறங்குவதையும் வரைந்து வந்தான். ஆசிரியை ஏழாம் கேள்வியில் கரிமுனையை எடுத்துவிட்டு நெகிழி மூடியைப் போட்டார், ஆணியைத் 'துருப்பிடிக்காத ஆணி' என்று ஆக்கினார். யாருமே சீண்டாத உப்புச்சப்பில்லாத விடைகளைத் தூக்கிவிட்டு, பிள்ளைகள் உண்மையிலேயே குழம்பும் இடங்களை அங்கே வைத்தார்.

பின்னால் ஒரு தம்பி, "இதைத்தான் கணினி செய்யுமே சார்" என்கிறார். செய்யட்டும் தம்பி, வரவேற்கிறேன்! எத்தனை பேர் தவறு என்று கணினி சொல்லும். ஏன் தவறு என்று உமாராணியைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்!

ஒரு மாதம் கழிந்தது. புதிய தாள், அதே கூடம், அதே பெற்றோர். மோரிஸுக்கு மறுபடியும் கதவுப் பக்கம். வரைபடக் கேள்வி வந்தது. சன்னல் பக்கம் பத்துக் கைகளும் எழுந்தன. கதவுப் பக்கம் முதலில் அசைவில்லை. பிறகு ஒரு கை எழுந்தது. இன்னொரு கை. நான்கு, ஐந்து. ஆறாவதாக எழுந்த கை மோரிஸுடையது! பேருந்தின் சக்கரத்தைச் சுழற்றிப் பழகிய அந்தப் பெரிய கை, எண்ணி முடித்த பிறகும் இறங்கவில்லை. மனிதர் அழுகிறார்!

"யாரு புள்ளயோ தெரியல டீச்சர்... ஆனா கத்துக்கிச்சு! கத்துக்கிச்சு லா!"

ஒட்டிய காகிதத்தை அவர் உரித்துப் பார்க்கவில்லை. யாருடைய பிள்ளை என்று கேட்கவுமில்லை. அப்படியே தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஏழு வீட்டில் இரண்டு வீடு போனது, மறைக்க மாட்டேன். ஐந்து வீடு நின்றது. பேட்ரிசியா இன்று எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. ஆறாம் ஆண்டுக்குத் தனி அறை இருக்கிறது, தனி ஆசிரியர் இருக்கிறார்!

ஆசிரியப் பெருமக்களே! திருத்திய தாளைக் கட்டி அலமாரியில் போடாதீர்கள். மேலே பத்து, கீழே பத்து எடுத்து வையுங்கள். தவறிய கேள்வியைத் திருத்துங்கள். தவறாத கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினால் துணிந்து நம்மைத் திருத்திக்கொள்வோம். தாள் கெட்டதா, பாடம் சேரவில்லையா என்று தெரியாமல் ஒரு பிள்ளையை மக்கு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? என்ன உரிமை?

கதவுப் பக்கம் இன்னும் நான்கு கைகள் எழவில்லை. இவாஞ்சலின் ஆசிரியை அந்த நான்கு பிள்ளைகளோடு நாளை காலையும் கொடிக்கம்பத்தடியில் நிற்பார். எழும் அந்தக் கைகள், எழுந்தே தீரும்! இந்த நம்பிக்கையை உங்கள் எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பி, பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வடை தீரும் முன்பே திரும்பி வந்துவிட்ட அந்த இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!