படத்தில் இருப்பவள் சுடலையம்மாள்

ஏட்டி சொடலி! படத்துக்குள்ள இருந்து சிரிச்சது போதும். செத்த நேரம் அக்கா பேசுறதக் கேளு.

தலைமை நாற்காலியை நிறைத்து, அது போதாமல் பக்கத்து நாற்காலியிலும் துண்டு போட்டு வைத்திருக்கிற பால்கோவா கடை முதலாளி ஐயாதுரை அண்ணாச்சி அவர்களே! ராஜபாளையத்திலிருந்து காரில் வந்து, நாலு பேர் கும்பிட்ட பிறகே காரை விட்டு இறங்கிய மில் பெரியவர்களே! மைக்கைப் பிடித்தால் பெற்ற பிள்ளையைப் போல விடமாட்டாத மாதர் சங்கச் செயலாளர் பாலம்மாள் அவர்களே! மம்சாபுரத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! கடைசியில் சுண்டல் உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெரியோர்களே! எல்லாருக்கும் இந்த அழகுத்தாயின் வணக்கம்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் அதன் அடியில் கடலை விற்றவள். நீங்கள் கடலையைத் தின்றுவிட்டுப் பேச்சை மறந்தீர்கள். நான் கடலையை விற்றுவிட்டுப் பேச்சை வைத்துக்கொண்டேன். ஆகவே அலங்காரத்துக்கு இன்று குறை இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் டிவியில் 'திருமதி சுபா' என்று பார்த்தவள் என் தங்கச்சி சுடலையம்மாள். அவள் போய் ஒரு மாதம் ஆகிறது. மாதர் சங்கம் புதிதாகக் கட்டிய சமையல் பயிற்சிக் கூடத்துக்கு அவள் பேரை வைக்கிறார்கள். அதோ, மேடை ஓரத்தில் போர்டோடு நிற்கிறார் பெயிண்டர் முத்துவீரன். 'சமையல் பயிற்சிக் கூடம்' என்று கீழ்வரி எழுதியாகிவிட்டது. மேல்வரி காலியாக இருக்கிறது. ஏன் காலி? 'சுபா' என்று எழுதப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தியவள் நான்!

பாலம்மாள் என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "எக்கா, சுடலைன்னு போர்டு வச்சா எந்தப் பொம்பளப் பிள்ளை உள்ள வரும்? சுடுகாட்டு ஆபீஸ்னுல்ல நெனப்பாங்க!"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

எண்பத்து நாலில் என் தங்கச்சியிடம் கேக் சுடும் அடுப்புப் பெட்டி இருந்ததா? இல்லை. இரும்புச் சட்டி இருந்தது. அதில் ஆற்று மணலைக் கொட்டி, மணலுக்குள் மாவு ஊற்றிய டப்பாவை வைத்து, மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுவாள். கண் எரியும், கை பொத்துப்போகும், கேக் பொங்கி வரும். அப்போது ஊர் அவளுக்கு வைத்த பேர் என்ன? சுபாவா? 'முட்டைக்காரி'! முன்வாசல் வழியாகப் போகும்போது மூக்கைப் பொத்திய மகராசிகள், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் பின்வாசல் வழியாக வருவார்கள்.

"ஏட்டி, இதுல முட்டை போட்டிருக்கியா?"

"கேட்டியன்னா போட்டிருக்கேன் மதினி. கேக்காட்டி போடல."

யாருமே கேட்கவில்லை, சபையோரே! ஒருவர்கூடக் கேட்கவில்லை!

பொறவு பால்கோவாவைச் சேர்த்து ஒரு கேக் செய்தாள். நம் தலைவர் அதை வாங்கித் தன் கடைப் பெட்டியில் வைத்துத் தன் கடைப் பேரில் விற்றார். இல்லையா அண்ணாச்சி? சிரிக்கிறார். சிரிக்கட்டும், நல்ல மனுஷன்.

தொண்ணூற்று நாலு ஆடிப்பூரத் தேருக்கு சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். வந்த இடத்தில் அந்தக் கேக்கைத் தின்றார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா கேட்டார்: "இதைச் செஞ்சது யாரு?"

"எங்க மாஸ்டருங்க" என்றார் தலைவர்.

"அவரைக் கூப்பிடுங்க. எப்படிச் செய்யிறதுன்னு கேமரா முன்னாடி சொல்லட்டும்."

வந்து நின்றவர் யார்? டீ மாஸ்டர்! வேர்த்து ஊற்றுகிறது. "அது... அடுப்புல வச்சா... வரும்மா" என்றார். பாவம், பொய் சொல்லவில்லை. அடுப்பில் வைத்தால் வரும்தான்! கடைசியில் கேமரா எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. இன்று தலைவர் பேசும்போது, 'சுபாவைக் கண்டுபிடித்தவன் நானே' என்றார். உண்மை. ஒளித்து வைத்தவருக்குத்தானே கண்டுபிடிக்கத் தெரியும்!

இதோ, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று. அவர் பேசியது முக்கால் மணி நேரம். முடித்துவிடுகிறேன் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன்.

டிவியில் சமைத்துக் காட்ட இவளைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். கூடவே போனவள் நான். அந்தக் கண்ணாடி அம்மா பேரைக் கேட்டார், சொன்னோம். முகம் சுருங்கிப்போனது. "சமையல் நிகழ்ச்சியில சுடலைன்னு போட்டா யாரும்மா சாப்பிடுவாங்க?"

நான் சொன்னேன்: "எங்க ஊர்ல சுடலைமாடனுக்குப் படைச்சதத்தானம்மா ஊரே உக்காந்து திங்கோம்!"

கேட்கவில்லை. சுபா என்று வைத்துவிட்டார்கள். ஊருக்கே திரும்புவோம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். இவளோ என் காதில் சொன்னாள்: "விடுக்கா. பேரு அவுக பேரா இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சி என் மூஞ்சியத்தான காட்டுதாக?"

ஆகா, அந்த டிவி அடுப்படி! பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து மாவு பிசைய வேண்டும். மாவு சேலையில் படக்கூடாது. இங்கே தணல் விசிறி விசிறித் தோள் கழன்றது. அங்கே ஒரு சோப்பு விளம்பரம் வந்து போனால் கேக் வெந்துவிடும்! தின்று பார்க்க வந்த நடிகை, வாயில் வைக்கும் முன்னே 'பிரமாதம்' என்றார். ஊரும் மாறியது. மூக்கைப் பொத்திய மகராசிகள் "சுபா மேடம் எங்க தெருதான்" என்றார்கள். தவணையில் அடுப்புப் பெட்டி வாங்கி, பூ வேலை செய்த துணியால் மூடி, மேலே பொம்மையை வைத்தார்கள். பாலம்மாள், உங்கள் வீட்டில் என்ன பொம்மை? நாய்க்குட்டியா? சரி, சரி.

இப்போது சொல்லுங்கள் சபையோரே! மணலைச் சலித்தவள் சுபாவா? புகையில் கண் கெட்டவள் சுபாவா? பின்வாசலில் நின்று உங்கள் பிள்ளைகளின் பேரையெல்லாம் சர்க்கரையால் எழுதிக் கொடுத்தவள் சுபாவா? எங்கள் அய்யா மாடன் கோயில் வாசலில், நிறைந்த கொடைத் திருவிழா நாளில், மடியில் வைத்துக் கூப்பிட்ட பேர் சுடலையம்மாள்! அந்தப் பேரோடு கரி சுமந்தாள், அந்தப் பேரோடு ஏச்சு வாங்கினாள். மாலை விழும் நேரத்தில் மட்டும் அந்தப் பேர் ஆகாதா? ஆகாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

ஒரு கைகூட எழவில்லை. தட்டுகிறீர்கள். மில் பெரியவர்களும் தட்டுகிறார்கள். பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

பொறுங்கள் முத்துவீரன். ஒரு நிமிஷம்.

மதுரை ஆஸ்பத்திரியில், கடைசி நாளன்று, இவள் காதோடு வாய் வைத்து 'சொடலி, சொடலி' என்று காலையிலிருந்து கூப்பிட்டேன். இமை அசையவில்லை. சாயங்காலம் ஒரு நர்ஸ் பிள்ளை ஊசியோடு வந்து, "சுபா மேடம்!" என்றது. இவள் கண்ணைத் திறந்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். கேமரா வந்து நிற்பதைப் போலச் சிரித்தாள். அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கடலைக்காரியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், கிண்டலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், என் தங்கச்சிக்காக வெயிலில் வந்த எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. வணக்கம்.

ஏட்டி, பிரஷ்ஷு நனஞ்சு சொட்டுது. ஊரு ஒத்துக்கிட்டுது. நீ சொல்லு... உனக்கு எந்தப் பேருட்டி பிடிச்சிருந்தது?