எழுபத்திரண்டு வரிசை

இந்த ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பேனாவும் நன்றாக ஓடுகிறது. வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்றதும் நீங்கள் மறுக்காமல் தாள் கொடுத்தீர்கள், தமிழிலேயே எழுதுங்கள், வாசித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னீர்கள். இருபத்தாறு வருஷம் தோட்டத்து ஆப்பீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த தனபாலனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து ஆப்பீசுக்கு முன்னால் வேலி போட்ட ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது. உள்ளே மழைமானி, வெப்பமானி, காற்றுக்காட்டி. தினமும் காலை ஏழு மணிக்கு நான் போய்ப் பார்த்து மழைப் புத்தகத்தில் எழுதுவேன். என் கல்யாணத்தன்றும் எழுதிவிட்டுத்தான் மாலை போட்டுக்கொண்டேன். அன்று பதினொரு மில்லிமீட்டர்.

எங்கள் மானேஜர் பாலகிருஷ்ணன் துரைக்குத் துப்பாக்கிப் பைத்தியம். நல்ல மனிதர், குடிப்பதும் அளவாகத்தான். கோல சிலாங்கூர்ப் பக்கத்து ஐந்து தோட்டத்து மானேஜர்களும் லைசென்ஸ் வாங்கி ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு போட்டி. விருந்து வைக்கும் தோட்டம் தன் நிலத்தில் தொலைவில் ஓர் இரும்புத் தகட்டை நட்டுவிடும். எவ்வளவு தூரம் என்று யாரும் டேப் போட்டு அளக்கக்கூடாது. தூரத்தைக் கணிப்பதும் போட்டியில் பாதி. ஒத்திகைக் குண்டு கிடையாது, முதல் குண்டிலிருந்தே எண்ணிக்கை.

குண்டு நேராகப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எறிந்த கல்லைப்போலத் தாழ்ந்துகொண்டே போகிறது, காற்று வேறு தள்ளுகிறது. வெயிலுக்கு ஒரு மாதிரி, ஈரத்துக்கு ஒரு மாதிரி. அதனால் துரைக்கு நான் தேவைப்பட்டேன். ஆறு வருஷம் பரண்மேல் ஏறி நின்று நான் தூரம் சொன்னேன், காற்றும் சொன்னேன். லாலான் புல் எந்தப் பக்கம் சாய்கிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சமையல் புகை எங்கே மடங்குகிறது, இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. துரை சுடுவார், எங்கே சுடுவதென்று நான் சொல்வேன். மூன்று முறை கோப்பை எங்களுக்கு வந்தது. அந்தக் கோப்பைகளை ஆப்பீசில் துடைத்து வைப்பவனும் நான்தான்.

தூரம் கணிக்கும் முறையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நடவு வரிசையை எண்ணுவேன், அவ்வளவுதான். முப்பது வருஷமாக எங்கள் பக்கம் தென்னை. கன்று வைக்க அடையாளமாக நடும் குச்சி, குச்சிக்குக் குச்சி இருபத்தொன்பது அடி, வரிசைக்கு வரிசை இருபத்தொன்பது அடி. எண்ணிப் பெருக்கினால் தூரம் கையில்.

இந்த வருஷம், 1984-இல், விருந்து எங்கள் முறை. தென்னையை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குக் குச்சி நட்டு வைத்திருந்த வெட்டவெளியில் தகடு. செம்பனைக்குக் குச்சி நட்ட புதுப் பையன்கள் கோணல்மாணலாக நட்டிருந்தார்கள், ஒரு வரிசைக் குச்சி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் குச்சிக்குக் குச்சி அதே இருபத்தொன்பது அடி, போன மாதம் நானே அளவுச் சங்கிலி போட்டுப் பார்த்தேன். தகடுவரை எழுபத்திரண்டு வரிசை. இரண்டாயிரத்து எண்பத்தெட்டு அடி. மீட்டரில் 636.

அந்தச் சமயம் பார்த்துத் துரை கோலாலம்பூரிலிருந்து தூரமானி வாங்கி வந்தார். பழைய பட்டாளத்துச் சாமான். ஒரு முழ நீளக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி, நடுவில் கண்ணை வைத்தால் ஒரே தகடு இரண்டாகத் தெரியும். சக்கரத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரத்தைக் காட்டும். போட்டிக்கு முதல்நாள் அது 551 என்று காட்டியது.

"மெஷின் பொய் சொல்லுது தொரை" என்றேன்.

வந்திருந்த மற்ற தோட்டத்து மானேஜர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். துரை சிரித்துவிட்டார். "கிராணி, ஒங்க கண்ணுக்கு ரிட்டையர் குடுத்தாச்சு லா. காத்து பாக்கறதுக்கும் ஒரு மெஷின் ஆர்டர் பண்ணியிருக்கேன். அடுத்த மாசத்துலேருந்து நீங்க நிம்மதியா கொல எண்ணலாம்."

கொலை என்று வாசித்துவிடாதீர்கள் ஐயா. செம்பனைக் குலை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். இருபத்தாறு வருஷம் வானத்தைப் பார்த்து எழுதியவனை லோரிப் பக்கத்தில் நிற்கவைத்துக் குலை எண்ணச் சொன்னால் யாருக்கு எரியாது?

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மழைமானியில் எண்பத்து நான்கு மில்லிமீட்டர். அழகான எழுத்தில் புத்தகத்தில் எழுதினேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துரை பசியாறப் போயிருந்தார், தூரமானி சுடும் இடத்துக் கூடாரத்தில் மேசைமேல் இருந்தது. அதன் ஒரு முனையில் மூடிக்குக் கீழே ஒரு திருகாணி. பிழையாகக் காட்டினால் சரிசெய்வதற்கென்றே வைத்தது. தகட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பினேன். அரைச் சுற்றுகூட இல்லை. 636 வந்தது. மூடியைப் போட்டேன். நான் அதைக் கெடுத்தேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். திருத்தினேன் என்று மாற்றிவிடுங்கள்.

துரை வந்து பார்த்தார், திகைத்தார். "நேத்து 551 காட்டுச்சே?"

"நேத்து மழைக்கு முன்னால தொரை. காத்துல ஈரம் ஒரு மாதிரி இருந்துச்சு, கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சு. இப்ப மழ பேஞ்சு கழுவிருச்சு."

துரை என் தோளில் ஓங்கித் தட்டினார். எல்லாருக்கும் கேட்கும்படி, "நம்ம கிராணிய ஜெயிக்க மெஷின் இன்னும் பொறக்கல லா" என்றார். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிக் குளிரவில்லை மனசு.

அப்பளசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்த லயத்து வீடு. இருபது வருஷம் ஒன்றாகக் கேரம் ஆடியிருக்கிறோம், அவன் ஜெயித்ததே கிடையாது, ஆனாலும் தினமும் வருவான். தகட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு, அதற்குப் பின்னால் ஒரு குழி. ஒவ்வொரு போட்டிக்கும் அந்தக் குழியில் உட்கார்ந்து, குண்டு எங்கே போயிற்று என்று கொடி காட்டுவது அவன் வேலை. கொடியை மேலே தூக்கினால் குண்டு தகட்டுக்கு மேலே போயிற்று. கீழே தாழ்த்தினால் முன்னாலேயே விழுந்தது. பரணிலிருந்து அதைப் பார்த்துத் துரைக்குச் சொல்வது என் வேலை. மண்மேட்டின்மேல் ஆள் உயரத்துக்கு லாலான் வளர்ந்திருந்தது. படுத்துச் சுடுபவருக்குக் கொடி தெரியாது, பரணில் நிற்பவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீர் டின்னும் கையுமாக இருந்தார்கள்.

காலையில் அவன் என்னிடம் வந்தான். "தனா, குழியில கழுத்தளவு தண்ணி. பெட்டிய போட்டு மேல நின்னுக்கறேன். தல கொஞ்சம் வெளிய தெரியும்."

"நில்லு. விசிலு என் கழுத்துலதான தொங்குது" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். நாகமணி வைத்த கருவாட்டுக் குழம்பு மிச்சம் இருக்கிறது, மத்தியானம் வா என்றும் சொன்னான். நாகமணி அவன் பெண்சாதி.

விசில் சங்கதியையும் எழுதிவிடுகிறேன். விசில் அடித்தால் சுடுவது நிற்கும். அந்தச் சுற்று செல்லாது. நடுவர்கள் சங்கிலி எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தை அளந்து, எல்லாருக்கும் அறிவித்து, பிறகுதான் திரும்பத் தொடங்குவார்கள். அது கிளப்பின் சட்டம்.

துரை படுத்தார். விருந்து வைப்பவருக்கே முதல் முறை. 636 மீட்டருக்குத் துப்பாக்கிக் குறியை உயர்த்தி ஏற்றம் வைத்தார். வெப்பம் இருபத்தெட்டு டிகிரி, கடல்பக்கமிருந்து இளங்காற்று, ஒரு கோடு இடப்பக்கம் என்றேன். காலை வெயிலில் குச்சிகள் எல்லாம் பளிச்சென்று நின்றன. அவ்வளவு நல்ல காலை அந்த மாதத்தில் வேறில்லை.

முதல் குண்டு. தகட்டில் சத்தமில்லை. அப்பளசாமியின் கொடி மேலே போயிற்று.

இங்கேதான் நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நிதானமாகச் சொல்கிறேன். தூரம் 636. 636-க்கு ஏற்றம் வைத்த குண்டு மேலே போக வழியில்லை. அப்படியென்றால் தப்பு யாருடையது? அப்பளசாமி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கேரத்தில்கூட எண்ணிக்கையை நான்தான் திருத்த வேண்டியிருக்கும். இதையும் திருத்தினேன். "முன்னாலயே விழுந்துருச்சு தொரை" என்றேன். துரை ஏற்றத்தை இன்னும் கூட்டினார்.

இரண்டாவது குண்டு. கொடி மேலே போனதோடு நிற்கவில்லை, குறுக்கும் நெடுக்குமாக ஆடியது. நான் இங்கிருந்து வெள்ளைத்துணியை ஆட்டினேன். சரியாகப் பார்த்துச் சொல் என்று அதற்கு அர்த்தம். அவனுக்கு நான் கவனிக்கவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பெட்டிமேல் குதிகாலைத் தூக்கி நின்றான். லாலானுக்கு நடுவில் தலை, பிறகு தோள், இரண்டு கையாலும் கொடி. மேலே, மேலே என்று காட்டிக்கொண்டே இருந்தான். பைனாக்குலரில் அவன் வாய் அசைவதுகூடத் தெரிந்தது. பயந்த முகமாக இல்லை. கேரத்தில் நான் அவனை ஏமாற்றும்போது சிரித்துக்கொண்டே சண்டைக்கு வருவானே, அந்த முகம்.

கீழேயிருந்து துரை கேட்டார், "என்ன கிராணி, தூரம் தப்பா? விசிலடிச்சு அளந்துருவமா?"

விசில் என் வாய்க்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அதை நான் மறுக்கவில்லை. நேரமும் இருந்தது, ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. விசில் அடித்தால் சங்கிலி வரும். சங்கிலி சரியாகத்தான் சொல்லும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தோளில் தட்டு வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இன்னொருமுறை என்னை அளந்து பார்ப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தூரம் சரிதான் தொரை. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றேன்.

மூன்றாவது குண்டுக்குப் பிறகு கொடி கீழே போயிற்று. கீழே என்றால் முன்னால் விழுந்தது என்று அர்த்தம். பார்த்தீர்களா, கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன். கொடி திரும்ப எழும்பவில்லை.

துரைமேல் குற்றமில்லை, அவரை விட்டுவிடுங்கள். அவர் லாலானைத்தான் பார்த்தார். ஆளைப் பார்த்தவன் நான், விசில் வைத்திருந்தவன் நான், ஏற்றச் சொன்னவன் நான். அப்பளசாமியைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டேன். நாகமணிக்கு இன்னும் விவரம் தெரியாது போலிருக்கிறது, நேற்று உங்கள் கான்ஸ்டபிளிடம் எனக்குத் தோசை கொடுத்தனுப்பினாள். அவ்வளவு அழுகையிலும் சட்னிக்குத் தாளித்திருந்தாள். நான் முழுவதும் சாப்பிட்டேன். அவளிடம் யார் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை, மெல்லச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வரியில்தான் எனக்கு ஆட்சேபம். உங்கள் ஆட்கள் டேப் போட்டு அளந்ததில் 551 மீட்டர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோணலாகக் குச்சி நட்டால், குச்சிக்குக் குச்சி இருபத்தொன்பது அடி இருந்தாலும் வரிசைக்கு வரிசை இருபத்தைந்து அடிதான் வருமாம், சர்வேயர் படம் போட்டுக் காட்டினார். சின்னப் பையன், நன்றாகப் படம் போடுகிறான். ஆனால் அன்று நிலம் முழுக்கத் தண்ணீர், எண்பத்து நான்கு மில்லிமீட்டர். துணி டேப் நனைந்தால் இழுபட்டு நீளும், நீண்ட டேப் தூரத்தைக் குறைத்துத்தான் காட்டும். டேப்பைக் காயவைத்து இன்னொருமுறை அளந்து வரச் சொல்லுங்கள் ஐயா. 636 என்று திருத்திக் கொண்டுவாருங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் நான் இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.